மைக்கில் வந்த காய்ச்சல்

...இரண்டாவது மணியும் அடித்தாகிவிட்டது, இனி யாரும் வந்து கூப்பிடமாட்டார்கள், முன்வரிசையில் ஓர நாற்காலி காலியாகக் கிடக்கும், பதினான்கு வருடமாக அது பாஸ்டர் மனைவியான என் நாற்காலி, நான் தும்மினால்கூடப் பின்னால் இருநூறு பேருக்குத் தெரியும். ஆபீஸுக்குப் போகிறவளுக்கு வருடத்தில் இத்தனை நாள் லீவு என்று இருக்கிறது, எனக்கு யார் கொடுப்பது, ஆண்டவரா, அவரிடம் நான் பேசியே பதினோரு மாதமாகிறதே... மகளைப் புதைத்தது வியாழன், ஞாயிற்றுக்கிழமை அதே நாற்காலியில் உட்கார்ந்தேன், அழுதால் விசுவாசம் போதாது என்பார்கள், அழாவிட்டால் கல்நெஞ்சுக்காரி என்பார்கள், பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தேன். அன்றிலிருந்து அசைத்துக்கொண்டேதான் இருக்கிறேன். உங்க குரலைக் கேட்டாலே ஆறுதலா இருக்கும்மா என்று பொருளாளர் மனைவி போன மாதம் சொன்னாள், சிரிப்பதா, அழுவதா.

காலையில் அவர் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன், மூன்று வாரமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்ததை. "எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லங்க. சர்ச்சுக்கு வர முடியல. கொஞ்ச நாளைக்கு என்னை விட்டுடுங்க." கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே, "கேக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்றது?" என்றார். உள்ளதைச் சொல்லுங்க என்றேன். வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார், அவருக்கும் அவள் மகள்தானே, அவர் யாரிடம் போய் லீவு கேட்பார், பாவமாகக்கூட இருந்தது.

வீட்டுக்கும் சர்ச்சுக்கும் நடுவே ஒரு சுவர்தான், எல்லாம் கேட்கிறது, மைக்கில் அவர் அறிவிப்பு வாசிக்கிறார், புதன்கிழமை பெண்கள் கூட்டம், போன வாரம் யாரோ விட்டுப்போன குடை, பிறகு அவர் தொண்டையைச் செருமுகிறார். "நம்ம அம்மாவுக்கு நேத்துலேருந்து கடுமையான காய்ச்சல். எல்லாரும் ஜெபம் பண்ணிக்குங்க." எனக்கா, காய்ச்சலா... இதோ இருநூறு பேர் கண்ணை மூடியிருப்பார்கள், இல்லாத காய்ச்சலுக்காக, வெட்கமாக இருக்கிறது, காய்ச்சல் ஒரு வாரம் தாங்கும், அடுத்த வாரம் என்ன வியாதி வரப்போகிறதோ எனக்கு, ஆராதனை முடிந்ததும் கும்பலாக வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள், என்ன செய்ய, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்கிறேன், நானும்தான் நடிக்கிறேன். ஆனால் அவர் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லையே, அதுதான் உறுத்துகிறது... பொய் சொன்னால் முகத்திலேயே தெரிந்துவிடுகிற மனுஷன் என்றல்லவா நினைத்திருந்தேன். குழிக்குப் பக்கத்தில் நின்று, நம்ம புள்ள ஆண்டவர்கிட்ட சுகமா இருக்கா என்று சொன்னாரே, அன்றைக்கும் இப்படித்தான், நடுங்கவே இல்லை, இதே குரல். ஜெபமெல்லாம் விட்டுப்போன இந்தப் பதினோரு மாதமும் நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு பேச்சைத்தான்.