மூன்று பை ரத்தம்

"நம்ம ரத்தமும் அவங்க ரத்தமும் ஒரே ஃப்ரிட்ஜ்ல இருந்தா சண்டை போட்டுக்காதாம்மா?"

ஆறு வயதில் என் மகள் கேட்டது. அன்று அவளுக்குப் பள்ளி விடுமுறை. ரத்த வங்கிக்குக் கூட்டி வந்திருந்தேன். 'அவங்க' என்றால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள். அந்த வயதிலேயே அவளுக்கு அது தெரிந்திருந்தது. நான் பைகளை எண்ணி ஃப்ரிட்ஜில் அடுக்கினேன்.

அவள் வளர்ந்து கல்லூரிக்குப் போன பிறகும் பாதையின் இரு பக்கத்துப் பையன்களும் வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த ஆண்டு மட்டும், நான் சொல்லப்போகும் நாள் வரை, பதினான்கு சாவு. நகரத்தில் வேறெந்த வட்டாரத்திலும் இதில் பாதிகூட இல்லை.

பதினைந்தாவது ஆகிவிடுவானோ என்ற நிலையில் ஒருவனை மதியம் இரண்டு மணிக்குத் தூக்கி வந்தார்கள். வயது பதினேழு, வயிற்றில் குத்து. அறுவை அரங்கிலிருந்து மூன்று பை ரத்தம் கேட்டுச் சீட்டு வந்தது. கொடுத்தனுப்பிவிட்டு வாசலுக்குப் போனேன்.

எடுத்த ரத்தத்துக்கு ஈடாக உறவினரிடம் ரத்தம் கேட்பது எங்கள் நடைமுறை. கத்திக்குத்து வந்தால் மட்டும் நானே போய்க் கேட்பேன். அழுகிறவனைக் கூப்பிட மாட்டேன். அழாமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறவனைத்தான் கூப்பிடுவேன். அடுத்துக் கிளம்பப் போகிறவன் அவன்தான்.

இரண்டு பைக், நான்கு பையன்கள். எஞ்சினை அணைக்கவில்லை.

"யாருப்பா கூடப் பிறந்தவன்?"

நெட்டையாக இருந்தவன் போனிலிருந்து நிமிர்ந்தான். "நான்தான் அண்ணன். ஏன் சிஸ்டர், என்னாச்சு?"

"ஆபரேஷன் நடக்குது. நீ வந்து ரத்தம் குடு."

"எனக்கு ஒரு வேலை இருக்கு. இந்தக் குண்டன்கிட்ட எடுங்க, நிறைய இருக்கும்."

"டேய், எனக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும்டா," என்றான் குண்டன்.

"கேட்டியா? சொந்தத் தம்பிக்கு நீ வராம யாரு வருவா?"

வந்தான். பதிவேட்டில் 'யாருக்காக' என்ற கட்டத்தில் 'தம்பி' என்று எழுதி, கிறுக்கலாகக் கையெழுத்துப் போட்டான். நாற்காலியில் சாய முடியாமல் நெளிந்தான்.

"இடுப்புல இருக்கறதை அந்தத் தட்டுல வை. குத்தும்."

என்னை ஒரு கணம் முறைத்தான். பிறகு செய்தித்தாளில் சுற்றியிருந்ததை எடுத்து எஃகுத் தட்டில் வைத்தான். கனமாக விழுந்தது. அதன்மேல் துண்டைப் போட்டு மூடினேன்.

ஊசி ஏறியது. பை மெல்ல நிறையத் தொடங்கியது. போன் அடித்தது, மறு கையால் எடுத்தான்.

"மச்சான், ஆளு மெக்கானிக் ஷெட்ல தனியாத்தான் இருக்கானாம். எவ்வளவு நேரம்டா?" வாசலில் நின்றவன் குரல் எனக்கே கேட்டது.

"பத்து நிமிஷம். வண்டிய ஆஃப் பண்ணாத."

கடவுளே, இந்தப் பத்து நிமிஷத்தை நீ பார்த்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"சீக்கிரம் எடுங்க சிஸ்டர். இது என் தம்பிக்குத்தானே ஏறும்?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அமைதியாகப் படுத்திருப்பான். எனக்கு அந்தப் பொய் வரவில்லை.

"இல்லப்பா. இதைச் சோதிச்சு முடிக்கவே நாளைக்கு ஆயிடும். உன் தம்பிக்கு ஃப்ரிட்ஜ்ல இருந்த மூணு பை போயிருக்கு."

"யாரோடது?"

"பை மேல பேரு இருக்காது. நம்பர்தான்."

"எந்தப் பக்கத்து ஆளுங்க?"

"ரெண்டு பக்கத்துல இருந்தும்தான் வந்து குடுக்கறாங்க."

"அவனுங்க ரத்தமா? என் தம்பி உடம்புலயா?" என்று முழங்கையை ஊன்றி எழுந்தான். குழாய் ஆடியது. அவன் தோளில் கை வைத்தேன், அழுத்தவில்லை.

"யாரோ மூணு பேருப்பா. உன் தம்பி முகத்தைக்கூடப் பார்த்ததில்ல. குடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க."

"யாருன்னு நெஜமாவே தெரியாதா?"

"தெரிஞ்சா என்ன பண்ணுவ?"

போன் மறுபடி அடித்தது. பார்த்துக்கொண்டே இருந்தான். அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை அடித்தபோது, "இந்தச் சனியனை அணைங்க சிஸ்டர்," என்று என்னிடம் நீட்டினான்.

பை நிறைந்த பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. பழச்சாற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். மூன்றரை மணிக்கு அரங்கிலிருந்து ஆள் வந்து, ரத்தப்போக்கு நின்றுவிட்டது, பையன் பிழைத்துவிடுவான் என்று சொன்னார். அப்போதுதான் அழுதான்.

போனை எடுத்துக்கொண்டான். எங்கள் வேலை நாளும் விடுமுறை நாளும் எழுதிய அட்டவணை ஒட்டிய சுவருக்கு முன்னால் சிறிது நேரம் நின்றான். பிறகு, துண்டு மூடிய தட்டைத் திரும்பியும் பார்க்காமல் போனான்.

அதை வாசல் காவலரிடம் ஒப்படைத்தேன். எங்கே கிடைத்தது என்று கேட்டார். நாற்காலி பக்கத்தில் இருந்தது என்றேன். அது உண்மைதான்.

பதினைந்தாவது சாவும் அந்த ஆண்டே வந்தது, வேறொரு தெருவில். மெக்கானிக் ஷெட்டில் யாரும் சாகவில்லை.

புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. மூன்று மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை பதிவேட்டைத் திறந்தேன். முந்தின நாள் வரிசையில் அதே கிறுக்கல் கையெழுத்து. 'யாருக்காக' என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும். மேலும் மூன்று மாதம் கழித்து, இன்னொரு புதன்கிழமையில், மீண்டும் ஒரு கோடு.

மூன்று பை ஆயிற்று. புதன்கிழமை என் இடத்தில் இருக்கும் பெண்ணிடம் நான் எதுவும் கேட்கவில்லை. பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தேன்.