சம்பந்தியம்மாளின் தட்டு

ஜெயசீலியின் வீட்டில் விருந்தாளியின் தட்டு காலியாக இருந்தது என்று கரையான்சாவடியில் ஒருவரும் சொல்லிவிட முடியாது. பேரனின் ஞானஸ்நானத்துக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த சம்பந்தி எலிசபா அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஜெயசீலிக்கோ அவருடைய மொழி தெரியாது. ஆகவே தன் அன்பையெல்லாம் அகப்பையிலேயே காட்டினாள். வேண்டாமென்றால் கையால் தட்டை மறிப்பதுதானே பந்தி வழக்கம்? எலிசபா அம்மாள் ஒரு வேளையும் மறிக்கவில்லை. வைத்ததைத் தலைகுனிந்து உண்டு முடித்தார். முடித்ததும் ஜெயசீலி மறுபடி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கத்து வீட்டுப் புஷ்பா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, சம்பந்தியம்மா இன்னும் துன்னுகினே கீறாங்க?"

"ஊர்ல சோத்தையே கண்டதில்ல போலக்கீது. குண்டானை வழிச்சிட்டுத்தான் ரயில் ஏறுவாங்க, பாரேன்!"

புஷ்பா விழுந்து விழுந்து சிரித்தாள். ஏதோ நல்ல வார்த்தை என்று எண்ணி, வாயில் சோற்றோடு எலிசபா அம்மாளும் சிரித்தார்.

அடுக்களை வாசலில் தண்ணீர்ச் செம்போடு மருமகள் சுமந்தி நின்றிருந்தாள். ஜெயசீலியின் மகன் ஆன்டோவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்து, அவனை மணந்து, தமிழும் கற்றவள். செம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். புஷ்பா கிளம்பியதும் ஜெயசீலி மருமகளைத் தேடி உள்ளே போனாள்.

"அத்தே, வந்ததுலேர்ந்து அம்மாக்கு வயிறு நோவுது. காலைல வாந்திகூட எடுத்தாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

"வேணாம்னு கையக் காட்டறதுதானே?"

"எங்க ஊர்ல காட்ட மாட்டோம். பொண்ணு குடுத்த ஊட்டுல சோத்தைத் தள்னா, அந்த ஊட்டையே தள்னா மாதிரி."

ஜெயசீலிக்குக் காது மடல்கள் எரிந்தன. "நான் அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கறேன். நீ அவங்க பேச்சுல எடுத்துச் சொல்லும்மா."

"எதுக்கு மன்னிப்புன்னு கேப்பாங்க அத்தே. அப்ப நீங்க சொன்னதையும் சொல்லட்டா?"

ஜெயசீலி திரும்பி வெளியே நடந்தாள்.

கூடத்தில் எலிசபா அம்மாள் அடுத்த அகப்பைக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். ஜெயசீலி அருகில் அமர்ந்து, இனி வேண்டாம் என்று தலையசைத்து, அந்தத் தட்டை மெல்ல அப்பால் நகர்த்தினாள். சம்பந்தி அவள் முகத்தையே பார்த்தார். இவள் இன்னும் சாப்பிடவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். வேறொரு தட்டை எடுத்து, குண்டானை இழுத்து, சற்றுமுன் சிரித்த அதே சிரிப்போடு சோற்றைக் குவித்து இவள் முன் வைத்தார்.

மறிக்க எழுந்த கையை ஜெயசீலி மடியிலேயே அழுத்திக்கொண்டாள்.