ஒரே பின்னில் இரண்டு வரைபடம்

மூன்று நாளாக அந்த மாடி வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளவில்லை. தெருவில் ஆளுக்கு ஒன்றாக ஊகித்தார்கள். விஷயம் தெரிந்தபோது பலருக்கு ஏமாற்றம்தான். சண்டை கேபிளைப் பற்றியாம்.

இருவருக்கும் கம்ப்யூட்டர் நெட்வொர்க் போடும் தொழில். பக்கத்துக் கல்லூரியின் நாலு கட்டடங்களையும் இணைக்கும் வேலைக்கு வரைபடம் கேட்டிருந்தார்கள். கிடைத்தால் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை; இல்லாவிட்டால் மறுபடி வீடு வீடாக வைஃபை ரிப்பேர். மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குள் கொடுத்தாக வேண்டும்.

அகப்பட்டுக்கொண்டவள் மாமியார்.

“அத்தை, உங்க பிள்ளைகிட்ட சொல்லுங்க. வளையமா போட்டாத்தான், எவனாவது குழி தோண்டி ஒரு பக்கம் அறுத்தாலும் மறுபக்கமா சுத்திப் போகும்.”

“அம்மா, அவகிட்ட சொல்லு. நட்சத்திரம் மாதிரி நடுவுல ஒரு பெட்டி, அதுலேர்ந்து ரூமுக்கு ரூம் தனி ஒயர். ஒண்ணு கெட்டாலும் மத்தது பாட்டுக்கு ஓடும்.”

“அந்த நடுப்பெட்டி நான்தானாக்கும்?” என்றாள் மாமியார்.

மணி மூன்றரை. எது சரியென்று அவள் என்னத்தைக் கண்டாள்? ஒன்றை விட்டால் ஒருவர் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார். இரண்டு மேஜையிலிருந்தும் தாள்களை எடுத்தாள், சேர்த்துப் பின் அடித்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கல்லூரி முதல்வரம்மா தாளைப் புரட்டினார். மேலே மருமகளின் நாலு கட்டடம், சுற்றிலும் வளையம். அடியில் மகன் ஒரு கட்டடத்தின் உள்ளே வரைந்த நட்சத்திரம்.

“வெளியில வளையம், உள்ள நட்சத்திரம். மத்தவங்கல்லாம் ஒண்ணையே பிடிச்சுத் தொங்குறாங்க. ரெண்டையும் சேர்க்கணும்னு யாருக்குத் தோணிச்சு?”

மாமியாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாய் மட்டும் தடுமாறவில்லை.

“ரெண்டு பேரும் மூணு நாளா பேசிப் பேசி முடிவு பண்ணாங்கம்மா.”

“வேலை அவங்களுக்குத்தான். நாளைக்கு வரச் சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் இரண்டு நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னுக்கு நகர்ந்தன.

“உன் வளையத்தை என் பெட்டியில எங்கடி சொருகுறது?”

“ஒரு ஓட்டையை எனக்கு விடுங்க, நான் பாத்துக்கறேன்.”

“ஒண்ணு போதுமா?”

“ரெண்டு. வர்றதுக்கு ஒண்ணு, போறதுக்கு ஒண்ணு. இதுகூடத் தெரியல.”

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் அடக்க முடியவில்லை. மாமியார் பழக்கதோஷத்தில் மருமகள் சொன்னதை மகனிடம் திருப்பிச் சொல்ல வாயெடுத்தாள். தன்னை யாரும் பார்க்கவேயில்லை என்று தெரிந்ததும் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டாள்.