எரிகிற கை

மதிய இடைவேளையில் மகன் வஃபுலாவுக்குப் பால் கொடுக்கப் பூப்பண்ணையின் குழந்தைக் காப்பகத்துக்கு ஓடினேன். கன்னத்தைத் தொட்டதுதான் தாமதம், வீறிட்டான். கொஞ்ச நேரத்தில் என் ஐந்து விரலும் அங்கே சிவப்பாகத் தடித்துவிட்டன. ஏழு மாதப் பிள்ளை. மூன்று முறை கழுவிவிட்டுத் தொட்ட கை.

ரோஜாக் கொட்டகையில் மருந்தடித்தால் வாசலில் சிவப்புக் கொடி கட்டுவார்கள். மறுநாள் வரை யாரும் உள்ளே போகக் கூடாது. இன்று விடியற்காலை கட்டிய கொடியை மேற்பார்வையாளர் செருயோட் பத்து மணிக்கே அவிழ்த்து எங்களை உள்ளே விரட்டினார். கையுறை கிழிந்து மாதமாகிறது. வெள்ளைக்காரர்களுக்கு அன்னையர் தினமாம், பூ விமானம் ஏற வேண்டுமாம். யாரோ ஒரு அம்மாவுக்குப் பூ போக என் பிள்ளையின் கன்னம் வேக வேண்டுமா?

பண்ணை மருத்துவ அறைக்குப் போனேன். நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அரிக்குதா, எரியுதா?"

"எரியுது. புள்ளைக்கும் எரியுது."

"வீட்ல என்ன சோப்பு போடுற? மாத்து."

என்னோடு பூ வெட்டும் அவுவோருக்குக் கழுத்தெல்லாம் கொப்புளித்தபோதும் சோப்புதான் காரணம் என்றாள். நைவாஷா ஏரிக்கரையில் எல்லாப் பாவத்தையும் சோப்புதான் செய்கிறது. கை எரிந்ததைவிட அந்தச் சொல் எனக்கு எரிந்தது.

எங்கள் ஊர் வழக்கத்தில் கை கொடுக்காமல் பேச்சே தொடங்காது. நீட்டிய கையைத் தொடாமல் விடுவது முகத்தில் துப்புவதற்குச் சமம். செருயோட்டும் தினமும் நாற்பது பெண்களுக்கும் கை கொடுத்த பிறகுதான் ஏசத் தொடங்குவார்.

நான் திரும்பி வந்தபோது அவர் கொட்டகை வாசலில் நின்றிருந்தார்.

"என்ன வஃபுலாம்மா, மூஞ்சி கடுகடுன்னு இருக்கு? எதுக்கெடுத்தாலும் உனக்கு எரிச்சல்."

"உள்ள மருந்து ஒண்ணும் பண்ணாதுன்னீங்களே சார், நெசமா?"

"எத்தன தடவ சொல்றது? பச்சத்தண்ணி மாதிரி."

உள்ளே போய் ஈரம் காயாத இலைகளை இரண்டு கையாலும் உருவினேன். வெளியே வந்து வலக்கையை நீட்டினேன்.

"அப்ப கை குடுங்க சார்."

வாசலருகே இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கை பழக்கத்தில் பாதிவரை எழுந்தது. என் விரல்களில் வெள்ளையாக ஒட்டியிருந்ததைப் பார்த்தார். எழுந்த கை அப்படியே சட்டைப்பைக்குள் போனது.

"போய் வேலையப் பாரு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் கையை மடக்கவில்லை. என் பக்கத்தில், அவரை ஒருநாளும் எதிர்த்துப் பேசாத அவுவோர் வந்து நின்று, தன் கையையும் நீட்டினாள்.