வெள்ளைச் சேலை மாதா

லஸ் பக்கத்து மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி தொடங்கிய அன்று அகஸ்டின் விடிவதற்கு முன்பே எழுந்து சட்டைக்கு இஸ்திரி போட்டான். ரங்கூனில் குண்டு விழுந்தபோது அக்கா ஐவியோடு காடும் மலையும் நடந்து தப்பி வந்தவன் அவன். சாந்தோமில் ஒற்றை அறைக் குடித்தனம். தியாகராய நகரில் போர்டு எழுதும் வேலை. அவன் வரைந்ததை நாலு பேர் நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை.

ஐவியின் புருஷன் காஸ்பர், "நீங்க முன்னாடி போங்க, நான் வந்துர்றேன்" என்று சொல்லி ரங்கூனில் துறைமுக வேலையிலேயே நின்றுவிட்டவன். யுத்தமே முடிந்துவிட்டது. சேதி இல்லை. பர்மாவிலிருந்து கப்பல் வருகிறது என்று காதில் விழுந்தால் போதும், ஐவி தலையை வாரிக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவாள்.

கண்காட்சிக்கு அகஸ்டின் வரைந்த மாதா படத்துக்கு உட்கார்ந்ததும் அவள்தான். நடந்து வந்த வழியெல்லாம் மார்போடு கட்டி எடுத்து வந்த வெள்ளைக் கல்யாணச் சேலையை அதற்காகவே உடுத்தி, பக்கத்து வீட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். முடித்தது போர்டு கடையின் பின்கட்டில் என்பதால் முடிந்த படத்தை அவள் இன்னும் பார்த்திருக்கவில்லை.

"இன்னா நைனா, மாதா நம்ம ஐவி அக்கா சாடையா கீது?" என்றான் மண்டபத்துக்கு வந்திருந்த, கூட வேலை செய்யும் வேலு. "இனிமே அவங்ககிட்ட கடன் கேட்டா மெழுகுவத்தி ஏத்திட்டுத்தான் கேக்கணும்."

பக்கத்தில் நின்று படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஐவி சிரித்தாள். அதற்குள் கூட்டம் விலகி வழிவிட்டது. காலேஜ் வாத்தியார் கல்யாணராமன் வந்துவிட்டார். படங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர். அவர் நின்று பேசினால் அந்தப் படத்துக்கு யோகம். அகஸ்டினின் படத்தின் முன்னால் அவர் வெகுநேரம் நின்றார்.

"இந்தக் கழுத்தைப் பாருங்கோ. ஐந்நூறு வருஷம் முன்னாடி இத்தாலியில மாதா எழுதினவாளோட கழுத்து. உடம்பு வளையறது அஜந்தா. கண்ணு மாத்திரம் காளிகாட்டுக் கோயில் வாசல் படக்காரா போடற மீன் கண்ணு. வர்ணத்தை அலம்பி விட்டிருக்கறது கல்கத்தாக்காரா வழி."

அகஸ்டின் அஜந்தாவைக் காலண்டரில்தான் பார்த்திருக்கிறான். காளிகாட்டைப் பார்த்ததே இல்லை. கழுத்து மட்டும் நிஜம். ஜெபப் புஸ்தகத்துக்குள் இருந்த பழைய மாதா படத்திலிருந்து எடுத்தது.

"இத்தனையும் இரவல். ஆனா ஒண்ணு சொந்தம். வெள்ளைப் புடவை, நெத்தியில பொட்டு இல்லை, கழுத்துல தாலி இல்லை. மாதாவைக் கைம்பெண்ணா உக்கார வச்சுட்டான். யுத்தத்துல அகமுடையானைத் தொலைச்ச அத்தனை பொம்மனாட்டியும் இவதான்." அவர் திரும்பினார். "என்னப்பா, சரிதானே?"

எங்கள் சனத்தில் வெள்ளைதான் சார் கல்யாணச் சேலை, எங்கள் வீட்டில் பொட்டு வைக்கிற பழக்கமில்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இத்தனை பேர் இத்தனை மரியாதையாக அவனை ஒருநாளும் பார்த்ததில்லை.

"ஆமாங்க சார்," என்றான்.

திரும்பியபோது ஐவி இல்லை. ஓடிப்போய்க் கச்சேரி ரோட்டில் பிடித்தான்.

"அவரு ஐயரு அக்கா. நம்ம வழக்கம் அவருக்கு இன்னா தெரியும்?"

"அவருக்குத் தெரியாது. உனக்கு?"

"அத்தனை பேர் முன்னால எப்படி மறுத்துப் பேசறது?"

"சரி, அது வாயி. கையி? தாலிய ஏன் போடல?"

"மாதாவுக்கு ஏதுக்கா தாலி? இத்தாலிப் படத்துல இருக்கா?"

"இத்தாலிப் படத்துல என் சேல இருக்கா? என் மொகம் இருக்கா? எல்லாத்தயும் எங்கிட்டேருந்து எடுத்துக்கின. அத மட்டும் கழட்டி வச்சிட்டு எடுத்திருக்க."

அவன் முதலில் தாலியை வரையத்தான் செய்தான். பிறகு கத்தியால் சுரண்டி எடுத்தான். கழுத்தின் கோட்டை மஞ்சள் வெட்டுகிறது என்றுதான் அப்போது நினைத்தான். இப்போது அந்தக் காரணத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் கல்யாணராமன் குரலில் கேட்டது. சுரண்டியபோது கை எதை நினைத்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"நாளைக்கே போய்ப் போட்டுர்றேன்க்கா."

"எனக்காகப் போடாத. அவரு வருவாருன்னு உனக்குத் தோணினா போடு."

அவள் முன்னால் நடக்க, அவன் பின்னாலேயே வீடு வந்து சேர்ந்தான். பொழுது சாய்ந்து கோயில் மணி அடித்ததும் ஐவி எப்போதும்போல மெழுகுவர்த்தி ஏற்றி முழந்தாள் போட்டாள். அவனும் பின்னால் போட்டான். அவர்கள் வீட்டுச் செபத்தில் உயிரோடிருப்பவர்கள் பெயர் முதலில், மரித்தவர்கள் பெயர் பிறகு. ஒவ்வொரு பெயருக்கும் அவள் மாதா மந்திரத்தின் முன்பாதியைச் சொல்ல, அவன் பின்பாதியைச் சொல்ல வேண்டும்.

"காஸ்பர் சொகமா வந்து சேர," என்றாள். தன் பாதியைச் சொல்லி முடித்து நிறுத்தினாள்.

மூன்று வயதிலிருந்து தெரிந்த வார்த்தைகள். அகஸ்டின் வாயைத் திறந்தான், ஒன்றுகூட வெளியே வரவில்லை.

ஐவி திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பெயருக்கும் போகவில்லை.