மெஷின் ஓடிய மதியம்

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அந்த மனிதருக்கு நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. யாராவது பேச்செடுத்தால், "வீட்டுல ஒருத்தி இருக்காளே, பத்தாதா?" என்று கார் நிற்கும் தகர ஷெட்டைக் கை காட்டுவார். அடுத்த தெருவில் இருந்த அவருடைய அக்கா, "அப்ப அவளையே சமைச்சுப் போடச் சொல்லு" என்பாள். ஆனாலும் வாரத்தில் பாதி நாள் அவருக்குச் சாப்பாடு போனது அக்கா வீட்டிலிருந்துதான்.

கார் ரொம்பப் பழசு. ஒரு டாக்டர் வீட்டு வாசலில் வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்ததை வாங்கி வந்திருந்தார். அடர்நீலம் வெளுத்து, கண்புரை விழுந்த கண் மாதிரி இருந்தது. லென்ஸைத் தேய்த்துப் பழகிய கைக்கு அதைச் சும்மா விட மனசு வரவில்லை. கடை விடுமுறை நாட்களில் கதவுக்கு ஒரு நாள், பானெட்டுக்கு ஒரு நாள் என்று கொஞ்சம் கொஞ்சமாக நிறத்தை மீட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்பக்கத்தின் முறை. காலையிலேயே அக்கா தன் மகளைக் கொண்டுவந்து விட்டாள். ஐந்து வயது. பெயர் என்று ஒன்று பள்ளிக்கூடத்தில் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் வாலு. அப்பாவுக்குக் கப்பலில் வேலை. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் வேலை என்பதால் ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான்.

"டேய், இவ மேல ஒரு கண்ணு இருக்கட்டும். காரு ஓடிப் போகாது, இவ ஓடிருவா."

"நீ போக்கா. நான் பாத்துக்கறேன்."

வாலு முற்றத்தில் சாக்கட்டியால் ஏதோ வரைந்தாள். அவர் காரைக் கழுவித் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் கீறல்களைப் பார்த்தார். விளக்குகளின் ஓரத்திலும் ரப்பர் பட்டைகளிலும் டேப் ஒட்டினார். கண்ணாடிகளைப் பழைய செய்தித்தாளால் மூடினார்.

"ஏன் மாமா காருக்குக் கண்ணைக் கட்டற?"

"மருந்து தெறிக்கும்ல, அதுக்குத்தான். நீ தள்ளி நில்லு. நிறத்துக்கு மேல மெல்லிசா ஒரு தோல் இருக்கு பாரு, வெங்காயத்தோல் கனம்தான். கை தவறிச்சுன்னா அது பிஞ்சிரும்."

"பிஞ்சா காருக்கு வலிக்குமா?"

"எனக்கு வலிக்கும்."

டிக்கியைத் திறந்து, மூடி வந்து உட்காரும் பள்ளத்தைச் சுத்தமாகத் துடைத்தார். மழைத்தண்ணீர் இறங்குகிறதென்று போன மாதம்தான் சுற்றிலும் புது ரப்பர் போட்டிருந்தார். நல்ல துணி எடுக்க வீட்டுக்குள் போனார். தேடி எடுத்துக்கொண்டு, காது மூடியை மாட்டியபடியே வெளியே வந்தார். டிக்கிக்குள் வழக்கமாகக் கிடக்கும் பழைய போர்வை சுருண்டு கிடந்தது. டிக்கி மூடியை இடுப்பால் அழுத்தினார். பூட்டு விழுந்தது.

மூடியின் மேல் நாலு சொட்டு காம்பவுண்டுப் பசை வைத்துப் பாலிஷ் மெஷினை ஓட்டினார். பஞ்சுத் தகடு சுற்றச் சுற்ற வெளுப்பு விலகி அடியில் நீலம் எழுந்து வந்தது. அவ்வப்போது மெஷினை நிறுத்திப் புறங்கையால் தகரத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடு ஏறிவிட்டால் பெயிண்ட் கெட்டுவிடும். சூடாகத்தான் இருந்தது. ஆறவிட்டு மறுபடி ஓட்டினார். அதற்குப் பிறகு இடது ஓரம், பிறகு வலது ஓரம்.

காது மூடியைக் கழற்றியபோது முற்றம் நிசப்தமாக இருந்தது. அந்த நிசப்தம்தான் முதலில் உறுத்தியது. வாலு இருக்கிற இடத்தில் சத்தமில்லாமல் இருந்து அவர் பார்த்ததே இல்லை.

"வாலு?"

சாக்கட்டி பாதிப் படத்தின் மேல் கிடந்தது. வீட்டுக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில், குளியலறையில், கதவுக்குப் பின்னால், துணி அலமாரியில். "மாமா தோத்துட்டேன், வெளிய வா" என்றார், சிரிக்கிற குரலில். இரண்டாம் முறை சொன்னபோது குரலில் சிரிப்பு இல்லை.

வாசல் கேட் ஒருக்களித்துத் திறந்திருந்தது. தெருவுக்கு ஓடினார். இந்தக் கோடி வரை வெயில், அந்தக் கோடி வரை வெயில். எதிர்வீட்டு ஜன்னலோரம் தையல்காரம்மா மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க வாலு இந்தப் பக்கம் வந்தாளா?"

"இல்லையே தம்பி. காலையிலேர்ந்து நான் இங்கதான உக்காந்திருக்கேன். உங்க கேட்டைத் தாண்டி ஒரு பூனைகூட வரல."

அதைக் கேட்டு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெளியே போகவில்லை என்றால் உள்ளேதான் இருக்கிறாள். உள்ளே, சுவரோரம், தண்ணீர்த் தொட்டி இருந்தது. தரையோடு தரையாகக் கட்டிய ஆழமான தொட்டி. கார் கழுவ வாளியில் மொண்டவர் பலகையைச் சரியாக மூடினாரா? நினைவில்லை. பலகை கோணலாகக் கிடந்தது.

மண்டியிட்டுக் கையை விட்டார். கை எட்டவில்லை. சட்டையோடு உள்ளே இறங்கினார். தண்ணீர் மார்பு வரை வந்தது. கால்விரலால் ஒவ்வொரு மூலையாகத் தடவினார். வழவழப்பாக ஏதோ தட்டுப்பட்டபோது வாயிலிருந்து வந்த சத்தம் அவருக்கே அந்நியமாக இருந்தது. குனிந்து எடுத்தார். எப்போதோ விழுந்த பிளாஸ்டிக் குவளை.

வேறெதுவும் இல்லை. மறுபடி ஒருமுறை தடவினார். இல்லை.

தொட்டியிலிருந்து ஏறும்போது, வேலை முடிந்து வந்த அக்கா கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். தம்பி நனைந்து நிற்பதையும் திறந்த தொட்டியையும் பார்த்ததும் அவள் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"எங்கடா அவ?"

"தொட்டில இல்லக்கா. நல்லாப் பாத்துட்டேன். தொட்டில இல்ல."

"எங்கடா என் பொண்ணு?"

தையல்காரம்மாவும் ஓடி வந்துவிட்டாள். அக்கா அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள். "கடைசியா எங்க பாத்த? நெனச்சுப் பாரு! எங்க நின்னா?"

"கார்கிட்ட. கார்கிட்டதான் நின்னா. தள்ளி நில்லுன்னு சொன்னேன்..."

மூவரும் காரைப் பார்த்தார்கள். கதவுகளைத் திறந்தார்கள். முன்சீட்டில் யாரும் இல்லை, பின்சீட்டிலும் இல்லை. தையல்காரம்மா குனிந்து அடியில் பார்த்தாள். பின் சக்கரத்தருகே அழுக்குத் துணிகளும் கிழித்துப் போட்ட டேப்பும் குவிந்து கிடந்தன. அதை அவள் கையால் ஒதுக்கினாள்.

ஒரு ஜோடி சிவப்புச் செருப்பு. காருக்குள் ஏறுமுன் கழற்றி வைக்கச் சொல்லி மாமா பழக்கியபடி, பக்கத்தில் பக்கத்தில், நேராக.

இடுப்பால் அழுத்தியது, பூட்டு விழுந்தது, புறங்கைக்குச் சூடு தெரிந்தது, ஆறவிட்டு மறுபடி ஓட்டியது. எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதின.

"டிக்கி" என்றார். "நாந்தான் மூடினேன்."

டிக்கிச் சாவித்துளை எப்போதோ இறுகிப்போனது. ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே இருந்த நெம்புகோலை இழுத்தால்தான் திறக்கும். பாய்ந்துபோய் இழுத்தார். இழுத்த வேகத்தில் உள்ளே பட்டென்று ஒரு சத்தம். நெம்புகோல் உயிரில்லாமல் கையோடு வந்தது. கம்பி அறுந்துவிட்டது.

பின்சீட்டைப் பிய்த்தார். அதற்குப் பின்னால் இரும்புத் தகடு. திருகைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும். ஸ்பேனரெல்லாம் டிக்கிக்குள்.

அக்கா மூடியின் மேல் கையால் அறைந்துகொண்டிருந்தாள். "பாப்பா! அம்மா வந்துட்டேண்டி! சத்தம் குடு! ஒரு சத்தம் குடு!"

உள்ளிருந்து ஒன்றும் வரவில்லை. மெஷின் ஓடிய மூடியில் அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவு நல்ல பளபளப்பு.

"கடப்பாரை இருக்கா?" என்றாள் தையல்காரம்மா. செடிக்குக் குழி தோண்டும் கடப்பாரை ஷெட்டின் மூலையில் சாய்ந்திருந்தது. அவர் திரும்புவதற்குள் அக்கா அதை எடுத்துவிட்டாள். முதல் குத்து வழுக்கி மூடியின் குறுக்கே நீளமாகக் கிழித்தது. அவர் அதைப் பிடுங்கி, புது ரப்பரோடு சேர்த்து இடுக்கில் செருகி, முழு உடம்பையும் போட்டு நெம்பினார். பெயிண்ட் சில்லு சில்லாகத் தெறித்து முகத்தில் அடித்தது. தகரம் மடங்கியதே தவிரப் பூட்டு விடவில்லை. "கடவுளே, கடவுளே" என்று தையல்காரம்மாவும் சேர்ந்து தொங்கினாள். நாலாவதா ஐந்தாவதா, எத்தனையாவது நெம்பு என்று யாருக்கும் தெரியாது. மூடி அலறிக்கொண்டு திறந்தது.

வாலு ஸ்டெப்னி டயருக்குப் பின்னால் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். முடி முழுக்க நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. முகம் செக்கச்செவேலென்று இருந்தது. கண் மூடியிருந்தது. அக்கா அவளை வாரி எடுத்தபோது கைகள் துவண்டு தொங்கின.

அக்கா அழவில்லை. கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள்.

"ஓடுது" என்றாள் அக்கா. "துடிப்பு ஓடுதுடா. வண்டிய எடு!"

முன்கண்ணாடியின் செய்தித்தாளைக் கிழித்தெறிந்துவிட்டு வண்டியை எடுத்தார். பிய்ந்த பின்சீட்டின் கம்பிகளின் மேல் உட்கார்ந்து அக்கா ஈரத்துணியால் குழந்தையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பின்னால் டிக்கி மூடி ஒவ்வொரு மேட்டுக்கும் எழுந்து எழுந்து அடித்தது. தெருவில் போனவர்கள் கையைக் காட்டிக் கத்தினார்கள். பாதி வழியில் வாலு இருமினாள். பிறகு வாந்தி எடுத்தாள். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டு உலகத்தில் யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "சூட்டுல மயங்கியிருக்கா. கொஞ்சம் பிந்தியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது. இப்ப பயமில்ல" என்றார் டாக்டர். பயமில்லை என்ற சொல் மாமாவின் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நகக்கண்ணில் நீலப் பொடி.

சாயங்காலம் வாலு கண் விழித்தாள். தண்ணீர் குடித்தாள். மாமாவைப் பார்த்து, கோபமில்லாமல், ஒரு செய்தி சொல்வது போலச் சொன்னாள்:

"நான் தட்டினேன் மாமா. நெறைய தட்டினேன். நீ மெஷின் போட்டுட்டே இருந்த."

அவர் வெளியே வந்து நடைபாதைச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். அக்கா பின்னாலேயே வந்து நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். அது திட்டை விடக் கொடுமையாக இருந்தது.

பல வாரங்களுக்கு அக்கா வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. வாலுவை விடுமுறை நாட்களில் தையல்காரம்மாவிடம் விட்டாள். எதிர்வீட்டு ஜன்னலில் அந்தத் தலை தெரியும்போதெல்லாம் அவர் பார்ப்பார். தெரியாதபோது வாசலுக்கு வந்து நிற்பார். கடையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினை ஓட்டும்போதுகூட நடுவில் நிறுத்தி, யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்பார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

உடைசல் கடையில் வேறொரு டிக்கி மூடி கிடைத்தது. பெயிண்டர் அதே நீலம் அடித்துக் கொடுத்தார். உள்ளிருந்தும் திறக்கும்படி ஒரு கயிறு வைத்துக் கட்டச் சொன்னார் இவர். புது மூடியின் நிறம் மற்ற நிறத்தோடு சேரவில்லை. தேய்த்துத்தான் இழைக்க வேண்டும். மெஷினை எடுக்க மனம் துணியவில்லை. துணியைச் சுருட்டிக் கையாலேயே தேய்க்க ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிறு, கேட் திறந்தது. அக்கா வாலுவோடு வந்தாள். வேலைக்குப் போகவில்லை. நாற்காலியை முற்றத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு லீவு" என்றாள். "காலையிலேர்ந்து மாமா மாமான்னு உசுர வாங்கறா. கூட்டிட்டு வந்தேன். நான் இங்கதான் இருப்பேன்."

"சரிக்கா."

அவர் வாலுவைத் தன் கண்ணெதிரே ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார வைத்தார். "நீ ஏதாவது பேசிக்கிட்டே இரு" என்றார்.

அவள் பள்ளிக்கூடத்துக் கதையை ஆரம்பித்தாள். யார் யாரைக் கிள்ளினார்கள், யார் டிபன் டப்பாவைத் தொலைத்தார்கள். அவர் தேய்த்துக்கொண்டே "ம்" கொட்டினார். திடீரென்று பேச்சு நின்றது. அவர் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட?"

"கதை தீந்துபோச்சு மாமா."

"பரவால்ல. மொதல்லேர்ந்து சொல்லு."

அவள் சலித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அக்கா தம்பியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணியைப் பிடித்திருந்த விரல்கள் இன்னும் மூடியின் மேல் இறங்கவில்லை.

"சொல்லேண்டி" என்றாள். "மாமா கேக்கறான்ல."

வாலு மறுபடி ஆரம்பித்தாள்.