கடல் தெரியாதவனின் கேஸ்

தவரத்தினத்தைத் தெரியாதவர் பாரிஸின் லா சப்பலில் இல்லை. இன்றைக்கு அவர் சங்கத் தலைவர். பட்டுச் சால்வை என்ன, நெற்றி நிறையச் சந்தனம் என்ன! பதினைந்து வருடங்களுக்கு முன் அவர் கேஸ் எழுதுகிறவர். அகதி விண்ணப்பத்துக்கு வேண்டிய கதையைத் தமிழில் கேட்டுப் பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பார். கேட்பார் என்பது சும்மா பேச்சுக்கு. மிருணாளினியின் தம்பி ஐங்கரன் சொன்னதை அந்த மனிதர் காதிலேயே வாங்கவில்லை. ஏற்கனவே கேஸ் வென்ற ஒரு மன்னார் மீனவரின் கதையைத் தூக்கி, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். ஐங்கரனோ கடலே இல்லாத சுன்னாகத்தான், கடலில் கால் நனைக்கவே பயப்படுகிறவன். எந்த வலையில் என்ன மீன் படும் என்று விசாரணையில் கேட்க, பேந்தப் பேந்த முழித்தான். கேஸ் போயிற்று. திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் விமானத்தால் இறங்கியவன் வீடு வந்து சேரவேயில்லை.

அதற்குப் பிறகும் இந்த மனிதர், "பெடியனுக்குக் கதைக்கத் தெரியேல்லை, நான் என்ன செய்ய?" என்று நாக்கூசாமல் கடை கடையாகச் சொல்லித் திரிந்தார். சனமும் நம்பியது. மிருணாளினி சொன்னால் தம்பியை இழந்தவளின் புலம்பல் என்று விட்டுவிடுவார்கள். அவர் தன் வாயாலேயே, அதே சனத்தின் முன் உண்மையைச் சொல்லவேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பாரிஸுக்குப் பக்கத்தில் சென் தெனியில் அவள் வேலை செய்யும் தொண்டு நிறுவனம் இந்த வருடம் அவளை மூன்று கிழமைக்கு வடக்கு உகண்டாவுக்கு அனுப்பியது. மாட்டுக் களவில் ஆளையாள் வெட்டிக்கொண்ட கிராமங்களில், சனங்களே கூட்டிய சமாதானக் குழுக்களைப் போய்ப் பார்க்கிற வேலை. திரும்பி வந்ததும் தவரத்தினமே தொலைபேசி எடுத்தார். ஐங்கரனின் அக்கா இவள்தான் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

"பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை எங்கடை மண்டபத்திலை வந்து உகண்டாவிலை கண்டதைப் பற்றிக் கதையுமன்."

"ஓம் அண்ணை, கட்டாயம் வாறன்" என்றாள் தேன் ஒழுக.

மண்டபம் நிறைந்துவிட்டது. படங்களைக் காட்டினாள். ஒரு படத்தில், மகனைப் பறிகொடுத்த தாயும் அவனைக் கொன்றவனும் பள்ளிக்கூட வாங்கில்களில் எதிரெதிரே இருந்தார்கள்.

"அங்கை பிழை விட்டவர் தன்ரை வாயாலை சொல்லவேணும். அவருக்காக வேறை ஒருத்தரும் கதைக்கக்கூடாது. ஒருக்கா நடிச்சுக் காட்டுவம். பிழை விட்டவராய் ஆர் வாறியள்?"

மேடை என்றால் விடுகிற ஆளா தவரத்தினம்? சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு வந்து கதிரையில் அமர்ந்தார்.

"நான் இவவின்ரை மாட்டைக் களவெடுத்துப்போட்டன்" என்றார். சனம் சிரித்தது.

"மாட்டை விடுங்கோ. என்ரை தம்பி ஐங்கரனுக்கு ஆரின்ரை கதையை எழுதினனீங்கள்?"

சிரிப்பு நின்றது. தவரத்தினத்தின் முகம் செத்துப்போயிற்று.

"அது கன காலமெல்லோ... இதென்ன இப்ப?" என்று எழும்பப் பார்த்தார்.

அவள் தம்பியின் கேஸுக்கு வந்த நிராகரிப்புக் கடிதத்தை விரித்தாள். "மன்னாரிலை வள்ளத்தோடை தமையனையும் எரிச்சவை எண்டு கிடக்கு. வள்ளத்துக்குப் பேர் சந்தியோகுமையோர். சுன்னாகத்திலை எங்களுக்கு ஏதண்ணை வள்ளம்?"

முன்வரிசையில் இருந்த மீன்கடை மடுத்தீன் எழுந்தார்.

"அது என்ரை வள்ளம். என்ரை அண்ணன். அழுதழுது உனக்குச் சொன்னனான், தவரத்தினம். அதையோ ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தனீ?"

தவரத்தினம் சபையைச் சுற்றிப் பார்த்தார். அவருக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"நான்தான் மாத்தி எழுதினனான்" என்றார் கடைசியில். "பெடியன் சொன்னதை நான் கேக்கேல்லை. அவனிலை ஒரு பிழையுமில்லை." சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் அவளிடம் நீட்டினார். "இனிச் சமாதானந்தானே, பிள்ளை?"

படத்தில் இருந்த அந்தத் தாய், மகனைக் கொன்றவன் நீட்டிய கையைப் பிடித்ததை மிருணாளினி கண்ணால் கண்டவள். அவளுக்கோ இந்தக் கைகளை முறிக்கத்தான் மனம் வந்தது. பொய் சொல்வானேன், பதினைந்து வருடத்தில் இப்படியொரு சந்தோசம் அவளுக்கு வந்ததேயில்லை.

"பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்குக் கேக்கேல்லை அண்ணை" என்றாள். "எழும்பி நிண்டு, முதலிலை இருந்து சொல்லுங்கோ."